மார்கரெட் என்றால் முத்து: கேளுங்கள், சொல்கிறேன்

பெயர்களைப் பற்றிய கேள்வி-பதிலில் இந்தத் தடவை எடுத்துக்கொண்ட பெயர் மார்கரெட், கிரேக்க மூலமுள்ள பெயர். பொருள், வரலாறு, எங்கே எப்போது பிரபலம் என்று எதையும் கேட்கலாம். எண் ஜோதிடம் மட்டும் எனக்குத் தெரியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மார்கரெட் வெள்ளைக்காரப் பெயர்தானே? இதில் கிரேக்கம் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'மார்கரீத்தேஸ்' என்றால் முத்து. அது லத்தீனில் 'மார்கரீத்தா' ஆகி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. எல்லாவற்றையும் விற்று விலையுயர்ந்த ஒரு முத்தை வாங்கும் வியாபாரியின் கதை மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பதும் இதே சொல்தான்.

ஆனால் கிரேக்கர்களுக்கே இது இரவல் சொல். முத்து அவர்களுக்குக் கிழக்கிலிருந்து போன சரக்கு. சரக்கோடு பெயரும் போனது. பாரசீகப் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்றும் பாரசீகத்தில் முத்துக்கு 'மொர்வாரீத்' என்றுதான் பெயர். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதும்போது, இந்தியப் பக்கத்துக் கடலில் சிப்பிக்குள் கிடைப்பது என்று முத்தைச் சொல்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளஸ் நம் கொற்கையையே காட்டுகிறது: பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பு, குளிப்பவர்கள் தண்டனைக் கைதிகள்.

கேள்வி: மரகதமும் மார்கரெட்டும் ஒரே பெயர்தானே?

இல்லை.

கேள்வி: எந்தக் காலத்தில் அதிகம் வைத்தார்கள்? இளவரசி மார்கரெட்டால்தான் பரவியதாகப் படித்தேன்.

அரசி இரண்டாம் எலிசபெத்தின் தங்கையான அந்த இளவரசி பிறந்தது 1930இல். இங்கிலாந்து, வேல்ஸ் பெண் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் 1924இலேயே மார்கரெட்தான் முதலிடம். 1934, 1944 பட்டியல்களிலும் அதுவே. ஆக, ஊரெல்லாம் வைத்துக்கொண்டிருந்த பெயரைத்தான் அரண்மனையும் வைத்தது. 1954இல் நான்காம் இடம், அப்புறம் சரிவு. இங்கிலாந்தின் மார்கரெட்டுகளில் பலர் இன்று பாட்டிகள். ஸ்காட்லாந்தில் இந்தப் பெயரின் செல்வாக்கு இன்னும் பழையது. அங்கே அரசியாக இருந்து 1093இல் இறந்த மார்கரெட்டுக்கு 1250இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

கேள்வி: டிராகன் விழுங்கிய புனிதரும் அவர்தானா?

அவர் வேறு, அந்தியோக்கியா மார்கரெட். டிராகன் வயிற்றைப் பிளந்து முழுசாக வெளியே வந்தார் என்பது கதை. அதனால் பிரசவ வலியில் பெண்கள் இவரை வேண்டிக்கொண்டார்கள். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் தன்னிடம் பேசியதாகச் சொன்ன புனிதர்களில் இவரும் ஒருவர். கிழக்குத் திருச்சபையில் இவருக்குப் பெயர் மரீனா.

கேள்வி: மரகதம் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். ம, ர, க மூன்றும் பொருந்துகின்றன. இரண்டும் நவமணியில் சேர்த்தி. இன்னும் என்ன வேண்டும்?

சரி, விரிவாகவே சொல்கிறேன். உறவுள்ள இரண்டு சொற்களைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் அவை நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன. மரகதம் சமஸ்கிருத 'மரகத' வழியாக வந்தது. அது கிரேக்க 'ஸ்மராக்தோஸ்' என்ற சொல்லுக்கு உறவு. அதற்கும் பின்னால் போனால் எபிரேயம் போன்ற செமித்திய மொழிகளில் மின்னுதல் என்ற பொருளுள்ள 'ப-ர-க்' வேர். மார்கரெட்டோ பாரசீகப் பக்கம் போகிறது. மரகதத்துக்கு ஐரோப்பாவில் உடன்பிறப்பு வேண்டுமென்றால் ஸ்பானிய எஸ்மெரால்டா இருக்கிறாள். எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது எனக்கு: காதுக்கு ஒத்தால் உறவு ஆகிவிடாது.

கேள்வி: அப்படியானால் சமஸ்கிருத மஞ்சரி?

மார்கரெட்டின் மூலம் மஞ்சரி என்ற கருத்து பழைய அகராதிகளில் உண்டு. மஞ்சரி என்றால் பூங்கொத்து. இன்று பாரசீக வழிக்கே ஆதரவு அதிகம்.

கேள்வி: மார்கரெட்டை டெய்சி என்று கூப்பிடுகிறார்களே, பெகி என்றும். எப்படி?

டெய்சிப் பூவுக்குப் பிரெஞ்சில் 'மார்கரீத்' என்று பெயர். இங்கிலாந்துக்காரர்கள் அந்தப் பூவைத் தங்கள் மொழிக்குத் திருப்பிச் செல்லப்பெயராக்கிவிட்டார்கள். 2024 ஜனவரியில் முடி துறந்த டென்மார்க் அரசி மார்கிரேத்தவுக்கும் வீட்டில் டெய்சிதான். பெகி வந்தது மெக், மெகி வழியாக. ராபர்ட்டை ராப் என்று சுருக்கிப் பிறகு பாப் ஆக்கிய அதே விளையாட்டு. கிரேட்டா, ரீட்டா, மார்கோ, கிரெட்டல் எல்லாம் இதே குடும்பம். மார்ஜரீன்கூட. முத்துப்போல் பளபளத்த ஒரு கொழுப்பமிலத்துக்கு வைத்த பெயர், பிறகு ரொட்டியில் தடவும் பண்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: மகளுக்கு வைக்கலாமா? கூட்டு எண் 5 வருகிறது.

முதல் பத்தி.

கேள்வி: இந்தியாவோடு தொடர்புள்ள மார்கரெட் யாராவது?

பாரதி குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதா, அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் எலிசபெத் நோபிள். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸும் அயர்லாந்துக்காரரே.

கேள்வி: மரகதவல்லி என்ற பெயரை மார்கரெட் என்று மாற்றினால் பொருள் மாறாதல்லவா?

மாறும். பச்சைக்கல் வெள்ளை முத்தாகிவிடும். மரகதத்தை இத்தோடு விட்டுவிடலாமா?

கேள்வி: என் பாட்டிக்கு ஞானஸ்நானப் பெயர் மார்கரெட், வீட்டில் கூப்பிட்டது முத்தம்மா. தற்செயலா?

இவ்வளவு நேரம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் போல. கிரேக்கமோ லத்தீனோ படித்த பாதிரியார் பொருள் சொல்லியிருக்கலாம். அல்லது வீட்டில் முத்து என்று ஏற்கெனவே ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். காதை நம்பாதே என்று இப்போதுதான் சொன்னேன், அதனால் அவசரப்படமாட்டேன். பாட்டியின் பாட்டி, அத்தை யாருக்காவது முத்து என்று பெயர் இருந்ததா? பாட்டிக்கு எந்த ஊர், தூத்துக்குடிப் பக்கமா?