டி டிரைவில் இருப்பது காப்பு நகல் ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது. பத்தாண்டுப் புகைப்படங்கள், வரவுசெலவுக் கணக்குகள், குடும்ப ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் அதில்தான் உள்ளன. பாதுகாப்புக்காக அனைத்தையும் டி டிரைவில் இன்னொரு முறை நகலெடுத்து வைத்திருக்கிறேன். படங்கள் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவிலும் தெரிவதால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறாள் என் மகள். எனக்குக் கணினி நுட்பம் தெரியாது. நான் செய்திருப்பது போதுமா?

பதில்: போதாது. வீட்டுக் கணினியில் சி, டி என்று இரண்டு பெயர்கள் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான். ஒரு பெரிய அறையை நடுவில் தட்டி வைத்து மறைத்ததுபோல விண்டோஸ் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்ய நேர்ந்தால் டி டிரைவில் உள்ளவை தப்பிக்கும். முக்கியமானவற்றை டி-யில் போட்டு வைக்கும் பழக்கம் பரவியதும் அதனால்தான். ஆனால் டிஸ்க்கே பழுதானால் மூலமும் நகலும் சேர்ந்தே போய்விடும். உங்கள் கணினியில் எப்படி என்று அறிய, ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். ‘டிஸ்க் 0’ என்று எழுதியிருக்கும் ஒரே வரிசையில் சி, டி இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களாகத் தெரிந்தால், உங்களிடம் இருப்பது ஒரு டிஸ்க்தான். பார்த்ததும் அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள். ஒரு டிரைவை முழுவதுமாக அழிக்கும் கட்டளைகளும் அங்கேயே இருக்கின்றன.

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. ஒன்டிரைவில் உள்ள கோப்பு வீட்டுக்கு வெளியே, வேறொரு இடத்தில் இருக்கிறது என்பதால் திருட்டும் தீயும் அதைத் தொடாது. ஆனால் ஒன்டிரைவின் வேலை ஒத்திசைவு, அதாவது கணினியில் நடப்பதை அப்படியே அங்கேயும் நடத்துவது. நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் அது அங்கேயும் அழியும். தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாள்கள் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். எப்போதோ ஒருமுறை திறந்து பார்க்கும் பழைய புகைப்பட ஃபோல்டர் காணாமற்போனதை 30 நாள்களுக்குள் கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கூகுள் கணக்கில் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. பத்தாண்டுப் படங்கள் இந்த அளவுக்குள் அடங்குவது அரிது. இடம் நிரம்பியதும் புதிய கோப்புகள் மேலேறுவது நின்றுவிடும். அதற்கு வரும் எச்சரிக்கையைப் பலரும் விளம்பரம் என்று எண்ணி மூடிவிடுகிறார்கள். கோப்பின் அருகில் இருக்கும் சிறு குறியையும் கவனியுங்கள். பச்சை டிக் இருந்தால் கோப்பு கணினியிலும் இருக்கிறது. வெறும் மேக வடிவம் இருந்தால் அது இணையத்தில் மட்டுமே இருக்கிறது, உங்கள் கணினியில் தெரிவது பெயர் மட்டும்தான். ஆகவே இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் நம்பும் படம் உண்மையில் ஒரே இடத்தில் இருக்கக்கூடும்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 என்ற கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்: மூலத்தோடு சேர்த்து 3 பிரதிகள், அவை 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. உங்களைப் பொறுத்தவரை முதலாவது கணினி, இரண்டாவது ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், மூன்றாவது ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு. மூன்றுக்கும் இப்போது வழியில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தொடங்குங்கள். அதன் கொள்ளளவு உங்கள் கோப்புகளின் மொத்த அளவைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். பென்டிரைவை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கோப்புகளை எடுத்துச் செல்வதற்கு ஏற்றது, ஆண்டுக்கணக்கில் வைத்துக் காப்பதற்கு ஏற்றதல்ல.

எவற்றை நகலெடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கணினி பழுதான பிறகு ஒருவர் தம் ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவந்தார். டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் தவறாமல் அதில் நகலெடுத்து வைத்திருந்தார். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் 2 கேபி அளவே இருந்தது. ஐகானின் இடது கீழ் மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரிச் சீட்டு. அவர் ஓராண்டாகச் சேமித்து வந்தது முகவரிகளை. எனவே நகலெடுத்து முடித்ததும் இரு பக்கமும் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் மொத்த அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேங்கிக் கிடக்கும் ரசீதுகளும் சான்றிதழ்களும், உலாவியில் குறித்துவைத்த பக்கங்களும் மறந்துபோகும். கணக்கு மென்பொருள் எதையாவது பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது தன் தரவைத் தனியொரு ஃபோல்டரில் வைத்திருக்கும். பேக்கப் என்ற கட்டளை பெரும்பாலும் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் இருந்தால், அவற்றுக்கான எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துவையுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் திறக்கும்போது புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். விண்டோஸையும் வேர்டு போன்ற மென்பொருள்களையும் நகலெடுக்க வேண்டியதில்லை, அவற்றை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

செய்யும் முறைக்கு வருவோம். விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, கண்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து, ‘டர்ன் ஆன்’ என்பதை அழுத்தினால் போதும். டிஸ்க் இணைந்திருக்கும்வரை, மாறிய கோப்புகளை மணிக்கு ஒருமுறை அது சேமிக்கும். முந்தைய பதிப்புகளையும் வைத்திருப்பதால், ஒரு கணக்குக் கோப்பைத் தவறாக மாற்றிச் சேமித்துவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகளையும் (பல ஃபோல்டர்களை ஒரே பெயரில் திரட்டிக் காட்டும் தொகுப்புகள்) அது தானாக எடுத்துக்கொள்ளும், டி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டரை எடுத்துக்கொள்ளாது. அந்த ஃபோல்டரை ஏதாவது ஒரு லைப்ரரியில் சேர்த்த பிறகே அதுவும் இதில் அடங்கும். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் இதே வேலையைச் செய்கிறது. அதை முதன்முறை அமைக்கும்போது டிஸ்க்கை அழிக்க அனுமதி கேட்கும் என்பதால் காலி டிஸ்க்கையே கொடுக்க வேண்டும்.

இதுவும் சிரமமாகத் தோன்றினால் கையால் நகலெடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் தேதியிட்ட புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதில் போடுங்கள். பழைய நகலின் மேலேயே போட்டால், கெட்டுப்போன கோப்பு நல்ல கோப்பை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ‘கட்’ கட்டளையை இந்த வேலையில் தொடவே வேண்டாம், ‘காப்பி’ மட்டுமே. இடம் போதவில்லை என்று கணினியிலிருந்து நீக்கிவிட்டு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைத்தால், மறுபடியும் ஒரே பிரதிதான் மிஞ்சும். 200 ஜிபி அளவுள்ள பெரிய கோப்புகள், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஏறத்தாழ 35 நிமிடத்தில் ஏறிவிடும். ஆயிரக்கணக்கான சிறு படங்களாக இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். அதே 200 ஜிபியை 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் இணையச் சேமிப்புக்கு அனுப்ப 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், முதல் நகலை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிட்டு இணையப் பதிவேற்றத்தைப் பின்னணியில் மெதுவாக நடக்க விடுங்கள்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கை ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம் உலகின் பல நாடுகளில் பரவிய வான்னாகிரை போன்ற பணயத் தீநிரல்கள் (கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்பவை), கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றன. ஃபைல் ஹிஸ்டரியின் மணிக்கணக்கு வசதியை இதனால் ஓரளவு இழக்கிறோம்தான். ஆனாலும் வீட்டுப் பயன்பாட்டில், வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் இணைத்துவிட்டுக் கழற்றுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நகல் எடுப்பதைவிட அதிகம் தவிர்க்கப்படுவது அதைச் சோதிப்பது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் தவறான சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்கள் நம்பியிருந்த ஐந்து காப்பு முறைகளில் ஒன்றுகூடச் சரிவர இயங்கவில்லை என்பது அதன் பிறகே தெரியவந்தது; வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த நகல் ஒன்றால்தான் மீண்டார்கள். துறையில் ஊறியவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் மாதம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய படம், ஒரு புதிய கணக்குக் கோப்பு, ஒரு ஸ்கேன் பிரதி ஆகியவற்றை எடுத்துத் திறந்து பாருங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதால் கோப்பு திறக்கும் என்று கொள்ள முடியாது.

உங்கள் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்) என்றால் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை மீட்புக் கருவிகளால் பல சமயம் எடுக்க முடிந்தது. எஸ்எஸ்டி அழிக்கப்பட்ட இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் அந்த வாய்ப்பு பெரிதும் குறைகிறது. மேலும், பல புதிய விண்டோஸ் கணினிகளில் டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதி வழியாகப் பூட்டியே வருகிறது. அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி, ஹார்ட் டிஸ்க்கோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்கள். தாள் இருக்கும் இடமும் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடமும் உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.