பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நீடாமங்கலத்தில் சின்னதாக டிடிபி, ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. போன சம்பாவில் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் சிட்டா, அடங்கல் நகலோடு நிற்கிறார்கள். ஃபாரம் திறக்கவில்லை, ‘உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பிக்கவும்’ என்று வந்துவிட்டது. குரோமைப் புதுப்பிக்கப் போனால் விண்டோஸை மாற்று என்கிறது. விண்டோஸை மாற்றப் போனால் கம்ப்யூட்டரையே மாற்றுங்கள் என்கிறார் சர்வீஸ் தம்பி. நன்றாக ஓடுகிற மெஷினை எதற்கு மாற்ற வேண்டும்? இது கட்டாயப்படுத்துவது இல்லையா?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: கட்டாயப்படுத்துவதுதான், சகோதரி. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடை பிரவுசர் வழியாக அடுத்தவருடைய ஆதார் எண், பாஸ்புக், ஓடிபி எல்லாம் போகிறது. பிரவுசரில் ஓட்டை கண்டுபிடிப்பதும் அதை அடைப்பதும் ஓயாமல் நடக்கிற வேலை, அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாகப் போவது உங்கள் பணம் இல்லை, உங்களை நம்பி வந்தவர் பணம். அதனால் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் முடித்துக்கொண்டது. அதற்கப்புறமும் மூன்று வருஷம் குரோம் அதற்கு வந்துகொண்டிருந்தது. 2023 ஜனவரியில் வந்த 109-தான் கடைசி, அடுத்த மாதம் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த ஃபாரத்தை எழுதியவர்கள் மேல். பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு எண், இரண்டு பிடிஎஃப், இதை வாங்கிக்கொள்ளப் புத்தம்புது பிரவுசர் எதற்கு? நிறைய தளங்களில் உள்ளே விட்டால் வேலை செய்யுமா என்றுகூடப் பார்ப்பதில்லை, பிரவுசரின் பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அன்று நின்றவர்களை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. கடைமடையிலிருந்து பஸ் ஏறி வந்த மனுஷருக்கு அது ஒரு நாள் கூலி.

இது புதுசும் இல்லை. 2003 வாக்கில் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தித் தளங்களைப் படித்தவன் நான். எந்த மெஷினிலும் தமிழ் எழுத்து தமிழாகவே தெரிய உதவும் யுனிகோட் முறை அப்போது பரவவில்லை. பல தளங்கள் ‘டைனமிக் ஃபாண்ட்’ என்று தங்கள் எழுத்துருவைத் தாங்களே அனுப்பும், அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் எடுபடும். வேறு பிரவுசரில் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாகத் தெரியாது, புள்ளியும் கோடும் வெளிநாட்டு எழுத்துமாகப் பக்கம் முழுக்க நிற்கும். அதனால் தமிழ் படிக்க வேண்டுமென்றால் அந்த ஒரு பிரவுசர்தான் என்று ஆகிப்போனது. எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-ல். போட்டிக்கு ஆளே இல்லாததால் அடுத்த பதிப்பு வர 2006 ஆனது. அதுவும் நடுவில், 2004 நவம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் வந்து ஆட்களை இழுக்க ஆரம்பித்த பிறகு. அன்றைக்கு ஒரே கம்பெனி, ஐந்து வருஷம் புதுசு கிடையாது. இன்றைக்கும் கிட்டத்தட்ட ஒரே கம்பெனியை, கூகுளை, நம்பித்தான் இருக்கிறோம், அதன் குரோம் சில வாரத்துக்கு ஒரு முறை புதுசு. இரண்டிலும் உங்களையும் என்னையும் யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தென்கொரியா இதைவிடப் பெரிய விலை கொடுத்தது. 1990-களின் கடைசியில் ஆன்லைன் பேங்க் பாதுகாப்புக்கென்று சொந்தமாக ஒரு குறியாக்க முறையைச் செய்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதை ஓட்ட, எக்ஸ்ப்ளோரருக்குள் ஓடும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை மென்பொருளை நம்பினார்கள், ஒரு நாடே எக்ஸ்ப்ளோரரோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆன்லைனில் ‘இது நான்தான்’ என்று காட்ட வைத்திருந்த அந்தப் பழைய டிஜிட்டல் சான்றிதழ் முறையின் தனி உரிமையைச் சட்டத்தில் நீக்கியதே 2020 டிசம்பரில்தான்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். விண்டோஸ் 10 போடச் செலவு செய்யாதீர்கள், அதன் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 உங்கள் மெஷினை முறைப்படி ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும். காசு இருந்தால் இன்டெல் எட்டாவது தலைமுறை அல்லது அதற்கு மேல் உள்ள செகண்ட்ஹேண்ட் ஒன்று வாங்குங்கள். இல்லையென்றால் இப்போது உள்ள மெஷினில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டும், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸும் போட்டால் நெட் வேலை தாராளமாக நடக்கும். அந்த இரண்டு மென்பொருளும் இலவசம்தான். அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்ததே, அது மாதிரிதான். ஒன்று மட்டும்: கைரேகை மெஷின் வைத்திருந்தால், அதன் டிரைவர் லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள். பல மெஷின்களுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டும்தான் தருகிறார்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். அந்தத் தளத்துக்குப் புகார் எழுதுங்கள். தேதி, நேரம், திரையின் படம், வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது எல்லாம் சேர்த்து. மத்திய அரசு 2015-லேயே தன் துறைகளில் லினக்ஸ் மாதிரியான ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை அறிவித்திருக்கிறது, அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

கேள்வி: குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் என்று இத்தனை பிரவுசர் இருக்கிறதே. அப்புறம் எப்படி ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கிறோம் என்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, நீடாமங்கலம் பக்கம் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குப் போயிருக்கிறீர்களா? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்று பேர், மூன்று மதகு. உங்கள் ஊருக்கு வருவது பாமணியாறு. மேட்டூரில் மூடினால் மூன்றிலும் மணல்தான். நீங்கள் சொன்ன நான்கு பிரவுசருக்கும் அடியில் ஓடுவது குரோமியம் என்ற ஒரே மென்பொருள், அதில் பெரிய கை கூகுளுடையது. ஓபரா 2013-ல், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் தன் சொந்த இன்ஜினை விட்டது, மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் எட்ஜை இதற்கு மாற்றிவிட்டது. பரவலாகப் புழங்குவதில் வேறு இன்ஜின் என்றால் ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான். ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் தேடல் ஒப்பந்தத்துக்காகக் கூகுள் கொடுப்பது என்பது எனக்கு நிஜமான கவலை. ஆனாலும் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 என்ற பதிப்பில், முடிகிற தேதியைப் பலமுறை தள்ளிவைத்துப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தது அவர்கள்தான். நீங்கள் வெப்சைட் செய்யப் படிக்கிறவர் என்றால், செய்ததை ஃபயர்ஃபாக்ஸிலும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் இருபது வருஷக் கல்யாணப் பத்திரிகை ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் நின்றுவிட்டால் என்ன ஆகும்?
– அச்சக உரிமையாளர், கும்பகோணம்

பதில்: கஷ்டம்தான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், 2004-ல் அடோபி அதை வளர்ப்பதையே நிறுத்திவிட்டது. எழுத்தும் பழைய எழுத்துரு முறையில் இருக்கும், அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். முதலில் அந்த மெஷினிலிருந்து நெட் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபைலையும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், வடிவம் அதில் தங்கும். திரும்பத் திரும்பப் பயன்படுகிற வாசகங்களை மட்டும் வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யுனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், எங்காவது ஒரு எழுத்து இடம் மாறி நிற்கலாம், அதுவும் மாப்பிள்ளை பெயரில் நின்றுவிட்டால் வம்பு. எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். ஆடியில் கல்யாண வேலை இருக்காது, ஒரு பையனை உட்கார வைத்தால் அந்த மாதத்துக்குள் பாதியாவது முடியும்.