பட்டத்தோடு பெயரும் வந்தது

கேள்வி: மும்பையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி, ஓவியக் கல்லூரி என்று எங்கும் ஜே.ஜே., அதாவது ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் மயம். அவர் 1859-லேயே காலமாகிவிட்டார் என்கிறார்கள். ஆனால் 1890-களிலும் ‘சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய்’ வருகிறாரே, எப்படி?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மாதுங்காவில் குடியிருந்த காலத்தில் நானும் இப்படிக் குழம்பியவன்தான், அம்மா. நீங்கள் பார்த்தது ஒரே ஆள் இல்லை, அவர் பேரன்.

முதலாமவர் 1783-ல் பிறந்த பார்சி. காலி பாட்டில் வியாபாரம் செய்த மாமாவிடம் தொழில் பழகி, சீனாவுக்குப் பஞ்சும் அபினியும் அனுப்பிப் பெரும் பணக்காரர் ஆனார். 1842-ல் ‘சர்’ பட்டம். இந்தியர் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் தடவை. அபினிக்காகச் சீனாவோடு பிரிட்டன் நடத்திய முதல் அபினிப் போர் முடிந்ததும் அதே ஆண்டுதான் என்பதை நான் மறப்பதில்லை. ஆனால் அந்த ‘சர்’ ஆளோடு போய்விடும். 1857-ல் கிடைத்த பாரோனெட் பட்டம் அப்படியல்ல, தலைமகனுக்கு இறங்கும். இதுவும் இந்தியருக்கு முதல் முறை.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். பட்டத்துக்கு வருகிற வாரிசு சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1860-ல் சட்டமே போட்டார்கள். மூத்த மகன் கர்செட்ஜி அப்பாவின் பெயருக்கு மாறினார். பேரன் மானெக்ஜியும் அப்படியே. நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்போம். இங்கே வளர்ந்து ஆளான பிறகு அப்பாவின் பெயரை வாங்கிக்கொண்டார்கள்!

குலச்சின்னமும் உண்டு. மும்பையை அடுத்த சால்செட் தீவுக்குப் பின்னால் உதிக்கும் சூரியன், மேலே இரண்டு தேனீ, உச்சியில் நெற்கதிரைக் கவ்விய மயில். கீழே ‘உழைப்பும் ஈகையும்’ என்ற வாசகம். அபினியைக் காணோம். ஈகை மட்டும் பொய்யில்லை. மாஹிமையும் பாந்திராவையும் இணைக்கும் மாஹிம் பாலச்சாலைக்கு முதலாமவரின் மனைவி அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார், சுங்கம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பாந்திராவுக்குப் பஸ்ஸில் எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன்.

இனி இந்தப் பெயர் கண்ணில் பட்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1859 வரை அப்பா, 1877 வரை மகன், அதற்குப் பிறகு பேரன், பின்னர் அவருக்கு அடுத்து வந்த வாரிசுகள்.