ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் தண்ணீரின் தன்மையை அளக்கும் சென்சாரை ஏன் நிரந்தரமாகக் கட்டிவைக்க வேண்டும், மாதம் ஒருமுறை படகில் போய்த் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. கழிமுகத் தண்ணீர் ஒரே நிலையில் நிற்பதே இல்லை. பல கடற்கரைகளில் ஓதம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அதற்குள் ஒரே இடத்தின் உப்புத்தன்மை கிட்டத்தட்ட நன்னீரிலிருந்து கடல்நீர் அளவான 35 வரைகூடப் (ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு) போய்த் திரும்பலாம். நீங்கள் காலை பத்து மணிக்கு எடுத்த பாட்டில் அந்தப் பத்து மணியைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விஷயம் இன்னும் மோசம். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து அதை ஏற்றிவிடும், இரவில் எல்லா உயிரும் சேர்ந்து சுவாசித்துத் தீர்த்துவிடும், விடியலுக்குச் சற்று முன்தான் அடிமட்டம் தொடும். அந்த நேரத்தில் யார் படகில் போகிறார்கள்? லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்களுக்கு மூச்சுத் திணறல்தான்.

அப்புறம், ஒரு சென்சார் போதும் என்று நினைக்காதீர்கள். பல கழிமுகங்களில் கனமான உப்புநீர் அடியிலும் ஆற்றுநீர் மேலேயுமாகத் தனித்தனி அடுக்காக நிற்கும், அதனால் நங்கூரமிட்ட மிதவையில் மேலே ஒன்று, தரைக்கு அருகே ஒன்று வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்பது வழக்கம்.

உண்மையான தலைவலி பாசியும் கொட்டலசும்தான் (கொட்டலசு என்பது எதிலும் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சிறு கடலுயிர்). சில வாரங்களில் கருவியை மூடிவிடும், எண்கள் மெதுவாக விலகும், பார்த்தால் இயற்கையான மாற்றம் போலவே இருக்கும். துடைப்பானும் செம்புக் கவசமும் உதவும், ஆனாலும் போய்ச் சுத்தம் செய்து, கையோடு கொண்டுபோன இன்னொரு கருவியோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். ஆக, படகு அப்போதும் தேவைதான்.