டோட்டல் லாஸ் ஆன காரை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 38,000 ரூபாய், சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. நான்கு வயதான என் சின்ன கார் போன மாதம் லாரியின் பின்னால் மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை, முன் ஏர்பேக் இரண்டும் வெடித்துவிட்டன. பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு, அதாவது ஐடிவி, 4,80,000. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 4,10,000 வந்ததால் டோட்டல் லாஸ் என்கிறார்கள். காரை ஒப்படைத்தால் முழு ஐடிவி கிடைக்கும். நானே வைத்துக்கொண்டால் சால்வேஜ் மதிப்பு, அதாவது நொறுங்கிய காரின் விலை, 1,60,000-ஐக் கழித்துக்கொண்டு தருவார்களாம். கார் கடன் பாக்கி 2,10,000. டிங்கரிங் தெரிந்த என் மச்சான், "வீட்டு ஷெட்டிலேயே போட்டு, கூலி வாங்காமல் ஒன்றரை லட்சத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். மாதம் ஒருமுறை அம்மாவைக் கோவையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். காரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் மச்சானின் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் போட்ட கணக்கு பாதியில் நிற்கிறது, அதுதான் பிரச்சினை.

கம்பெனி சொல்வது விதிப்படி சரிதான். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் காருக்கு அந்த எல்லை 3,60,000. இதில் உங்களுக்கு லாபமும் உண்டு. சாதாரண க்ளெய்ம் என்றால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக்குக்கெல்லாம் பாதி விலைதான் தருவார்கள். டோட்டல் லாஸில் அந்தக் கழிவு கிடையாது. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவான 1,000 ரூபாய் மட்டும் போகும்.

ஆக, ஒப்படைத்தால் 4,79,000. கார் கடனுக்கு ஈடாக ஹைபோதிகேஷன் இருப்பதால் வங்கி தன் 2,10,000-ஐ முதலில் எடுத்துக்கொள்ளும். மீதி 2,69,000 உங்கள் கைக்கு வரும். வைத்துக்கொண்டால் 3,19,000, வங்கிக்குப் போக மிஞ்சுவது 1,09,000. மச்சான் சொன்ன தொகைக்கே 41,000 குறைகிறது. அதை அந்த 60,000-லிருந்துதான் எடுக்க வேண்டும்.

"நம் கார்தானே, புதிதாகக் காசு எதுவும் கொடுக்கவில்லையே" என்று தோன்றும். ஆனால் 1,60,000 ரூபாய் கொடுத்து ஒரு நொறுங்கிய காரை வாங்குகிறீர்கள் என்பதுதான் இதன் அர்த்தம். இதே நிலையில் வேறு யாருடைய காரோ நின்றால் அந்த விலைக்கு வாங்குவீர்களா? அதோடு ஒன்றரை லட்சம் சேர்த்தால் 3,10,000. அதுவும் மச்சானின் லிஸ்ட் முழுமையாக இருந்தால்.

இருக்காது என்றுதான் நினைக்கிறேன். டிங்கரிங் தெரிந்தவர் கண்ணுக்கு பானெட், பம்பர், ஃபெண்டர், ரேடியேட்டர், ஹெட்லைட், பெயிண்டிங் முதலில் தெரியும். பணம் தின்னும் விஷயம் உள்ளே இருக்கிறது. வெடித்த ஏர்பேக்கைத் திரும்ப மடித்து வைக்க முடியாது. இரண்டும் புதிதாக வேண்டும். பயணி பக்கத்து ஏர்பேக் பெரும்பாலும் டாஷ்போர்டைக் கிழித்துக்கொண்டுதான் வரும், ஆகவே டாஷ்போர்டும் போயிருக்கும். மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனரும் ஒருமுறை வெடிப்பதுதான், எனவே பெல்ட்டோடு மாற்ற வேண்டும். ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டில் விபத்துப் பதிவு இருக்கும், அதையும் லிஸ்டில் சேர்க்க வேண்டும். முன்பக்கம் இந்த அளவுக்கு நொறுங்கியிருந்தால் ஏசி கண்டன்சர், வயரிங் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இவற்றுக்கு டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் விலை கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகு மச்சானோடு பேசுங்கள். உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ உள்ள பழைய பார்ட்ஸ் கடைகளில் கதவும் பம்பரும் தாராளமாக வாங்கலாம். ஏர்பேக் வாங்காதீர்கள். டாஷ்போர்டில் எரியும் ஏர்பேக் விளக்கை ஒரு ரெசிஸ்டர் வைத்து அணைத்துவிடும் வித்தையும் மார்க்கெட்டில் இருக்கிறது. அந்த முன்சீட்டில் உட்காரப்போவது உங்கள் அம்மா.

அடுத்தது பாடி. இன்றைய கார்களில் தனி சேஸிஸ் கிடையாது. முன்பக்கத்து ஏப்ரனும் (இன்ஜினின் இருபக்கத் தகடு) அதன் கீழுள்ள ரெயிலும் (நீளச் சட்டம்)தான் மோதலைத் தாங்குகின்றன. அவை வளைந்திருந்தால் அளவு பார்க்கும் பெஞ்சில் ஏற்றி இழுக்க வேண்டும். உறுதி கூட்டிய ஸ்டீலைக் கேஸ் வெல்டிங்கில் சூடாக்கினால் அதன் பலமே போய்விடும். வீட்டு ஷெட்டில் இந்த வேலை நடக்காது.

சரி, எப்படியோ முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விற்கும்போது என்ன கிடைக்கும்? பழைய கார் வாங்குபவர்கள் இப்போது பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியோடு வருகிறார்கள், க்ளெய்ம் விவரத்தையும் கேட்கிறார்கள். ஏர்பேக் வெடித்த கார் என்று தெரிந்தால் என்ன விலை தருவீர்கள் என்று உங்கள் ஊரில் இரண்டு டீலரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் 3,10,000 நியாயமா என்பது தெரியும். இன்ஷூரன்ஸும் சிக்கல்தான். டோட்டல் லாஸ் க்ளெய்மோடு பழைய பாலிசி முடிந்துவிடும், நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். அடுத்தவர் இழப்புக்கான தேர்டு பார்ட்டி கவர் கிடைக்கும். உங்கள் கார் சேதத்துக்கான ஓன் டேமேஜ் கவர், இன்ஸ்பெக்‌ஷனில் இந்த கார் தேறினால்தான் உண்டு.

இதெல்லாம் போக, ஆர்சி. சில கம்பெனிகள் டோட்டல் லாஸ் பணம் தருவதற்கு ஆர்சியை ரத்து செய்யச் சொல்கின்றன. ரத்தாகிவிட்டால் மச்சான் எவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தாலும் ரோட்டில் ஓட்ட முடியாது, காயலான் கடைக்குத்தான். உங்களுக்கு வந்திருக்கும் ஆஃபர் ஆர்சியோடா, ஆர்சி இல்லாமலா என்பதை எழுத்தில் வாங்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் பதில் மாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஆர்சி உயிரோடு இருக்கும் என்று கடிதம் வருகிறது, ஏப்ரனும் ரெயிலும் நேராக இருப்பதாக அலைன்மென்ட் ரிப்போர்ட் சொல்கிறது, ஏர்பேக் உட்பட புதிய லிஸ்ட் இரண்டு லட்சத்துக்குள் நிற்கிறது, சால்வேஜ் மதிப்பும் கணிசமாக இறங்குகிறது. இத்தனையும் சேர்ந்து வந்தால் யோசிக்கலாம். சால்வேஜ் மதிப்பு கல்வெட்டு இல்லை. நொறுங்கிய காருக்கு ஏலத்தில் வந்த உச்ச விலையைக் காட்டச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்; ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

ஒப்படைக்கும்போதும் கவனம் வேண்டும். நொறுங்கிய காரின் ஆர்சிக்கும் சேஸிஸ் நம்பருக்கும் திருட்டுக் கார் கும்பலிடம் நல்ல கிராக்கி. பெயர் மாற்றம் அல்லது ஆர்சி ரத்து, இரண்டில் ஒன்று ஆர்டிஓ பதிவில் ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள். க்ளெய்ம் பணம் வங்கிக்குப் போய்ச் சேரும்வரை ஈஎம்ஐயை நிறுத்தாதீர்கள். கார் நிற்கிறதே என்று விட்டால் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும்.

கையில் வரும் 2,69,000-ல் முதலில் 54,000-ஐச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். இருப்பு 1,14,000 ஆகும். மூன்று மாதச் சம்பளம். மீதி 2,15,000 அடுத்த காருக்கு. அவசரப்பட வேண்டாம். மாதம் ஒரு கோவைப் பயணத்துக்கு ரயிலோ வாடகைக் காரோ போதும். கடன்தான் முடிந்துவிட்டதே, அந்த ஈஎம்ஐ தொகையை வங்கியில் ஆர்டியில் (மாதச் சேமிப்பு) கட்டிவாருங்கள்.

பழைய கார் பார்க்கப் போகும்போது மச்சானைக் கூட்டிப்போங்கள். பானெட்டுக்குக் கீழே கம்பெனி வெல்டிங் எது, ஊர் வெல்டிங் எது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அதில் தைத்திருக்கும் லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதி கார் வயதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.