சிறுநீரக நோயும் எலும்புத் தேய்மானமும்

கேள்வி: எனக்கு 64 வயது. நாள்பட்ட சிறுநீரக நோயின் நான்காம் கட்டத்தில் இருக்கிறேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு) மைனஸ் 2.8 என வந்தது. எலும்புத் தேய்மானத்துக்காக என் தங்கை வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை நானும் சாப்பிடலாமா?

பதில்: அருள்கூர்ந்து தாங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. நான்காம் கட்டம் என்பதோ 15 முதல் 29 வரை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும், மிகுதியான பாஸ்பரஸை வெளியேற்றுவதும் சிறுநீரகமே என்பதால், அது தளரும்போது கழுத்திலிருந்து இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் தூண்டப்பட்டு, அவற்றின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்துக் கரைக்கிறது. சிலருக்கோ நேர்மாறாக, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இவ்விரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஆனால் ஸ்கேனில் இரண்டுமே குறைந்த அடர்த்தியாகவே தெரியும்.

ஆகவே பாராதைராய்டு ஹார்மோன், கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகிய இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளோடு சிறுநீரக மருத்துவரைச் சந்தியுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கான மற்றொரு மருந்தான டெனோசுமாப் ஊசி சிறுநீரகத்தைச் சார்ந்து வெளியேறுவதில்லை என்றாலும், முற்றிய சிறுநீரக நோயில் இரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் கடுமையாக எச்சரித்துள்ளது. கால்சியம் மாத்திரைகளையும் தன்னிச்சையாக எடுக்க வேண்டாம். மிகுதியானால் அது இரத்தக் குழாய்ச் சுவர்களில் படியக்கூடும்.