விசுவாசம் போதுமென்றால் கிரியை எதற்கு? – கேள்வி பதில்

இரட்சிப்பு (பாவத்திலிருந்து மீட்பு), விசுவாசம், கிரியை (நாம் செய்கிற செயல்கள்) பற்றி மட்டும் கேளுங்கள். ஒரு வசனத்தைக் காட்டிக் கேட்பதற்கு முன்னால் அடுத்த வசனத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: பிரதர், எபேசியர் 2:8-9 கிருபையினால் இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல என்கிறது. அப்போ நல்லது செய்யாவிட்டாலும் பரவாயில்லையா?

பதில்: அடுத்த வசனம். நற்கிரியைகளைச் செய்யத்தான் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ல் பவுல் எழுதுகிறார். கிரியை இரட்சிப்புக்குக் கொடுக்கிற விலை அல்ல, இரட்சிக்கப்பட்டவர் வாழ்கிற வாழ்க்கை. இந்த வரிசையை மாற்றினால் சுவிசேஷமே மாறிவிடும்.

கேள்வி: ஆபிரகாம் விசுவாசத்தினால் நீதிமான் என்று ரோமர் 4-ல் பவுல் சொல்கிறார். கிரியைகளினால் என்கிறது யாக்கோபு 2. யார் சொல்வது சரி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இருவரும் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 15:6-ஐத்தான். உன் சந்ததி இப்படி இருக்கும், நட்சத்திரங்களை எண்ணிப் பார் என்று தேவன் சொன்ன அன்று ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. அப்போது அவருடைய மூத்த மகன் இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86. விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் சடங்கு) 99-ல், ஈசாக்கு பிறந்தது 100-ல். பவுலின் வாதமே இந்த முன்பின்னில்தான் நிற்கிறது: விருத்தசேதனத்துக்கு வெகுகாலம் முன்பே அவர் நீதிமான், ஆகவே சடங்கு காரணமாக இருக்க முடியாது. யாக்கோபோ, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த மோரியா மலைச் சம்பவத்தைக் காட்டுகிறார். அதற்குள் ஈசாக்கு விறகைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். அன்று வானத்தைப் பார்த்து நம்பியது உண்மைதான் என்பது இங்கே தெரிந்துபோகிறது.

இருவரும் பேசுகிற ஆட்களும் வேறு. நியாயப்பிரமாணத்தை (மோசேயின் சட்டத்தை) கைக்கொண்டால்தான் தேவன் ஏற்பார் என்பவர்களிடம் பவுல் பேசுகிறார். பசித்தவனைப் பார்த்து ‘பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களிடம் யாக்கோபு பேசுகிறார்.

கேள்வி (அதே நண்பர்): மழுப்புகிறீர்கள் ஐயா. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல என்று யாக்கோபு 2:24 நேராகவே சொல்கிறதே!

பதில்: 2:19-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. தேவன் ஒருவர் என்று ஒத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிற விசுவாசத்தைத்தான் யாக்கோபு தள்ளுகிறார். பவுலும் அதை ஏற்கமாட்டார். அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று கலாத்தியர் 5:6-ல் எழுதியவர் அவர்தானே?

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஏன் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார்?

பதில்: 1522-ல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் சொன்னார், உண்மை. அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையையும் வாசியுங்கள். விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் உழைப்பது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்கிறார். ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுப்பது லூத்தர் விஷயத்திலும் ஆபத்துதான்.

கேள்வி: ஆனால் கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்றுதானே போதிக்கிறார்கள்?

பதில்: இல்லை. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வருகிற விசுவாசமோ கிரியையோ அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமே சொல்லியிருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். பெற்ற நீதி நற்கிரியைகளால் வளருமா என்பது போன்ற வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அடுத்த சபையைக் குறை சொல்வதற்கு முன்னால் அவர்கள் எழுதியதையாவது வாசிக்க வேண்டாமா?

சரி, பாதி நேரம் இதிலேயே போய்விட்டது. மற்றவர்களைப் பார்ப்போம்.

கேள்வி: இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, இரட்சிப்பைப் பெற்ற கள்ளன் எந்தக் கிரியையும் செய்யவில்லையே?

பதில்: சாகும் நேரத்திலும் மற்றக் கள்ளனைக் கடிந்துகொண்டு இயேசுவுக்காகப் பேசினான். அவனுக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான்.

கேள்வி: விசுவாசத்தை உண்மையாக வாழ, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டுமா?

பதில்: லூக்கா 3:10-14. யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்) வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம், யாரையும் மிரட்டாமல், பொய்க் குற்றம் சாட்டாமல், சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். ஒருவரையும் ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. சிலருக்குத் தனி அழைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதிக்கொண்டே ஊழிய ஆசை பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பிலிப்பியர் 2:12 நம் இரட்சிப்புக்காக நாமே பிரயாசப்பட வேண்டும் என்கிறதே?

பதில்: அடுத்த வசனம்! உங்களுக்குள் செயல்படுகிறவர் தேவனே என்கிறது 13. இதை முதலிலேயே சொன்னேன்.

கேள்வி: தசமபாகம் (சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கு) மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா?

பதில்: உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: விசுவாசித்துப் பல வருடம் ஆகிறது ஐயா. என்னில் பெரிய மாற்றம் தெரியவில்லை. என் விசுவாசம் பொய்யோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, உயிரில்லாத விசுவாசத்துக்கு இந்தப் பயம் வருவதில்லை. தினமும் உள்ளே தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆயக்காரர் தலைவன் சகேயு என்ன செய்தான்? இயேசு அவன் வீட்டில் தங்க வந்தபின் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான், அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய் (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாகவும் சொன்னான். நீங்களும் அப்படிக் கைக்கெட்டுகிற ஒன்றில் தொடங்குங்கள். யாரோடாவது பேச்சை நிறுத்தியிருந்தால் இந்த வாரம் போய்ப் பேசுங்கள். அதற்குப் பிறகும் பயம் விடவில்லையென்றால் தனியாக எழுதுங்கள், பேசுவோம்.